புனலூர் தூக்குப்பாலம்: பலகையைப் பார்க்கணுமா, சங்கிலியைப் பார்க்கணுமா?

தாராவி_முத்து

எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் குடும்பத்தோட ஊருக்குப் போறோம். நமக்குக் கடையநல்லூர் பக்கம். இந்தத் தடவை செங்கோட்டையில ரயில் ஏறி, மலை வழியா கேரளாவுல இருக்கற புனலூர்ல இறங்கி, அந்தப் பழைய தூக்குப்பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டணும்னு ஆசை. வீட்டுல சம்மதிக்கல. குஜராத்ல மோர்பியில தூக்குப்பாலம் அறுந்து ஜனங்க ஆத்துல விழுந்ததை டிவியில பார்த்ததுல இருந்து தூக்குப்பாலம்னாலே அவளுக்குப் பயம். "அதுவும் அதே காலத்துப் பாலம்தானே, மரத்துல போட்டதுதானே"ன்னு கேட்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

எங்க சால்ல (வரிசை வீடு) ஒருத்தர் அது முழுக்க மரப்பாலம்ங்கார். இன்னொருத்தர் கயித்துப் பாலம்ங்கார். அதோட வரலாறு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மோர்பி போச்சு, புனலூர் எப்படி நிக்குது? இதுக்கு நேரான பதில் வேணும்.

செம்பூர்_அண்ணாச்சி

தம்பி முத்து, செங்கோட்டைக்காரன் நான் சொல்லுதேன், கேளுங்க.

முழுக்க மரமும் இல்ல, கயிறும் இல்ல. தொங்குறது இரும்புச் சங்கிலியில. நடக்குற தளம் மட்டும் மரப்பலகை. ரெண்டு பக்கமும் பெரிய கோட்டை வாசல் மாதிரி வளைவு வச்ச தூண்கள். சங்கிலி அது மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கரையில தோண்டின கிணறுகளுக்குள்ள போய்ப் பூட்டியிருக்கும். அடியில ஓடுறது கல்லடை ஆறு. பாலம் சுமார் 400 அடி நீளம், 20 அடி அகலம். ஆல்பர்ட் ஹென்றின்னு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் போட்டது. ஆறு வருஷம்போல வேலை நடந்து 1877-ல முடிஞ்சது. அப்போ திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாள்.

அது நம்ம பாலமும்தான், அதை மறந்துடக் கூடாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. சங்கு முத்திரை வச்ச வளைவு இன்னைக்கும் எங்க ஊர்ல நிக்குது. கொல்லத்துல இருந்து புனலூர், ஆரியங்காவு வழியா செங்கோட்டை வர்ற பாதைதான் இந்தப் பக்கத்து அரிசியும் பருத்தியும் மாடும் அங்க போகவும், அங்கத்து மிளகும் மலைச்சரக்கும் இங்க வரவும் இருந்த வழி. கல்லடை ஆறு பெருகினா அந்த வழி அடைஞ்சு போகும். அதுக்குத்தான் பாலம். ரயில் வந்தது 1904-ல. அதுக்கு முன்னால மாட்டு வண்டிகதான்.

ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் எங்க ஊர்ப் பிள்ளை. அவர் வேலை பார்த்தது புனலூர் வனத்துறையில. அந்த ஊர்ல உத்தியோகம் பார்த்தவர் அந்தப் பலகையில கால் வைக்காம இருந்திருப்பாரா? பாலத்துல ஏறும்போதெல்லாம் எனக்கு இதுதான் முதல்ல நினைப்பு வரும்.

மாட்டுங்கா_கணேசன்

அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேர்த்துக்கலாம். மும்பையில இருக்கற நமக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம்.

1872 வரை திருவிதாங்கூர் திவான் சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராத்தியர். பின்னால் இந்தூருக்கும் பரோடாவுக்கும் திவானாகப் போனார். அவருக்குப் பின் 1872 முதல் 1877 வரை திவான் சேஷய்ய சாஸ்திரி. அவரும் தஞ்சாவூர்ச் சீமைக்காரர், அமராவதி என்ற ஊர். 1877-ல் நாணு பிள்ளை வந்தார். பாலம் எழும்பிய வருஷங்கள் பெரும்பாலும் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் விழுகின்றன. ஆக, மலையாள நாட்டு ஆற்றின் மேல், தமிழ்நாட்டு வியாபாரத்துக்காக, காவிரிக்கரை திவானின் ஆட்சியில், வெள்ளைக்காரர் கையால் எழும்பிய பாலம் இது. "கேரளாவில் உள்ள பாலம்" என்ற ஒரே வரியில் இதை முடித்துவிட மனசு வரவில்லை.

மோர்பி பாலத்துக்கு பம்பாய்த் தொடர்பே உண்டு. மச்சு ஆற்றின் மேல் மோர்பி மன்னர் வாக்ஜி கட்டியது. 1879 பிப்ரவரியில் திறந்து வைத்தவர் அன்றைய பம்பாய் கவர்னர் ரிச்சர்ட் டெம்பிள். புனலூருக்கும் அதற்கும் இரண்டு வருஷ வித்தியாசம்தான். வீட்டில் உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி, முத்து.

குர்லா_சலீம்

மரத்தைப் பத்தி நான் சொல்றேன், நமக்கு மரக்கடைதான் பொழப்பு.

புனலூர்ல போட்டிருக்கறது கம்பகம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல வளர்ற மரம். தேக்கை விட ரொம்பக் கனம், பச்சையா தண்ணில போட்டா அநேகமா முழுகிடும். கறையான் லேசுல தொடாது. படகு கட்டவும், ரயில் தண்டவாளத்துக்கு அடியில ஸ்லீப்பர் போடவும் அந்தக் காலத்துல இதைத்தான் எடுத்தாங்க. ஆணி அடிச்சா மடங்கும். துளை போட்டு போல்ட்தான் முடுக்கணும்.

மரப்பலகைத் தளம் எங்க கெடும் தெரியுமா? நடுவுல இல்ல. போல்ட் போற துளையில கெடும். பலகையும் அதைத் தாங்குற சட்டமும் ஒட்டுற இடத்துல கெடும். அங்க தண்ணி தங்கும், காய வழியிருக்காது. மேல பார்த்தா பலகை நல்லா கறுத்து கெட்டியா இருக்கும். அடியில இருந்து ஒரு திருப்புளியால குத்தினா உள்ள போயிடும். அதனாலதான் பலகைக்குப் பலகை இடைவெளி விடுறது. மழைத்தண்ணி வழிஞ்சு ஆத்துக்குப் போயிடணும், காத்து மேலயும் கீழயும் ஓடணும். இடைவெளியை அடைச்சு அழகா பண்ணுறேன்னு யாராவது கிளம்பினா அன்னையோட அந்த மரத்துக்கு ஆயுசு முடிஞ்சது.

இன்னொண்ணு. நூத்தம்பது வருஷப் பாலம்னா நூத்தம்பது வருஷப் பலகைன்னு நினைக்காதீங்க. பலகை மாத்தி மாத்திப் போடுறதுதான். கெட்டதை மட்டும் ஒண்ணு ஒண்ணா கழட்டி மாத்தலாம், மத்த எதையும் தொட வேண்டாம். மரத்தளத்தோட பெரிய பலமே அதுதான்.

ஆண்டாப்ஹில்_ஜெஸி

நான் மறுத்துப் பேசறேன்னு கோபப்படாதீங்க. எனக்கு முத்து அண்ணன் வீட்டு அக்கா சொல்றதுதான் சரின்னு படுது.

2016 ஆகஸ்ட்ல மகாட் பக்கத்துல சாவித்ரி ஆத்துப் பாலம் ராத்திரி வெள்ளத்துல போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மும்பை–கோவா ரோடு, வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாலம். ரெண்டு அரசு பஸ் அப்படியே ஆத்துக்குள்ள போச்சு. எங்க தெருவுல இருந்து அந்த ரோட்டுல தினம் வண்டி ஓட்டறவங்க இருக்காங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க போனைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேசினோம். 2019 மார்ச்ல மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்கு வெளியில நடைமேம்பாலத் தளம் இடிஞ்சு ரோட்டுல விழுந்தது. அந்தப் பாலத்துக்கும் ஆடிட் முடிஞ்சு நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க.

"வெள்ளைக்காரன் கட்டினது, கல்லு மாதிரி நிக்கும்"னு நம்ம ஆளுங்க பெருமையா சொல்றாங்களே, அந்தப் பேச்சுதான் ஆபத்து. பழசு நல்லதாவே இருக்கட்டும், கரையில நின்னு பார்க்கலாமே. மேல ஏத்தி விடறது எதுக்கு? புனலூர்ல பக்கத்துலயே கான்கிரீட் பாலம் இருக்கு. வண்டியெல்லாம் அதுலதான் போகுது.

தாராவி_முத்து

ஜெஸி, உங்க அக்கா இதைப் படிச்சுட்டு "பார்த்தீங்களா"ன்னு சொல்லிட்டா.

அண்ணாச்சி, யானையை விட்டுச் சோதனை பண்ணாங்கன்னு ஒரு கதை கேள்விப்பட்டேன். உண்மையா?

செம்பூர்_அண்ணாச்சி

புனலூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பாலம் முடிஞ்சதும் ஜனங்க ஏறப் பயந்தாங்களாம். ஆத்து நடுவுல தூணே இல்லாம இவ்வளவு பெரிய தளம் தொங்குறதை அவங்க அதுக்கு முன்னால பார்த்ததில்ல. உடனே ஹென்றி துரை ஆறு யானைகளைப் பாலத்து மேல நடக்க விட்டாராம். அவரும் குடும்பமும் கீழ ஒரு படகுல ஏறி நேரா பாலத்துக்கு அடியில நின்னாங்களாம். விழுந்தா முதல்ல எங்க மேலதான் விழும்னு.

இன்னொரு கதையும் உண்டு. அக்கரைக் காட்டுல இருந்து மிருகங்க ஊருக்குள்ள வராம இருக்கத்தான் கொஞ்சம் ஆடுற மாதிரி பலகைத் தளம் போட்டாங்கன்னு. அது எப்படியோ, வண்டி மாடு மிரண்டது நிஜம். எங்க பெரியப்பா வண்டி ஓட்டினவர். பலகை இடுக்குல கீழ தண்ணி ஓடுறது தெரிஞ்சா மாடு கால் வைக்காது, இறங்கி மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடக்கணும்னு சொல்லுவார்.

வாஷி_ரேவதி

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பாலம் ஆய்வுதான் என் வேலை. முத்து சாருக்கு வேண்டிய பதில் யானைக் கதையிலேயே பாதி இருக்கு, அதனால அதுல இருந்தே வர்றேன்.

ஆறு யானைன்னா எவ்வளவு கனம்? வளர்ந்த யானை மூணரை, நாலு டன்னு வெச்சா மொத்தம் இருபத்திரண்டு டன் பக்கம் வரும். இப்போ மனுஷங்களை எடுத்துக்கோங்க. ஆளுக்கு சராசரி 65 கிலோன்னா முன்னூத்தம்பது பேர் நின்னாலே அந்தக் கனம் வந்துடும். ஒரு திருவிழா நாள்ல முன்னூத்தம்பது பேர் பாலத்துல ஏறினா யாரும் "கனம் அதிகம்"னு நினைக்க மாட்டாங்க. யானையைப் பார்த்தா பயப்படுவோம், கூட்டத்தைப் பார்த்தா பயப்பட மாட்டோம். தொங்குபாலங்கள்ல உயிர் போறது பெரும்பாலும் இங்கதான்.

யானைச் சோதனையால என்ன தெரியும்னா, ஒரே இடத்துல கால் ஊன்றுற பாரத்தை அந்தப் பலகையும், அதைச் சங்கிலியில இருந்து தொங்கவிட்டிருக்கற ஹேங்கர் கம்பியும் தாங்குதான்னு தெரியும். பாலம் முழுக்க ஆள் நின்னா சங்கிலி தாங்குமான்னு ஆறு யானை சொல்லாது. 400 அடிக்கு 20 அடின்னா எட்டாயிரம் சதுர அடி. நெருக்கியடிச்சு நின்னா ஆளுக்கு மூணு சதுர அடி போதும். கணக்கு போட்டுப் பாருங்க, ஆயிரக்கணக்குல வரும்.

இப்போ மோர்பி. அது ஒண்ணேகால் மீட்டர் அகலம், 230 மீட்டர் நீளம். ரிப்பேர் முடிஞ்சு 2022 அக்டோபர் 26-ல திறந்தாங்க, 30-ல அறுந்துச்சு. 135 உயிர் போச்சு. விசாரணையில தெரிஞ்ச ரெண்டு விஷயத்தைச் சொல்றேன். முதலாவது, அறுந்த கேபிள்ல மொத்தம் 49 கம்பி. அதுல 22 கம்பி அன்னைக்கு முன்னாலேயே துருப்பிடிச்சு அறுந்து கிடந்தது. கிட்டத்தட்ட பாதிக் கேபிள் இல்லாமத்தான் அத்தனை பேரையும் அது தாங்கிட்டு இருந்தது. ரெண்டாவது, இருந்த மரப்பலகைகளை எடுத்துட்டு அலுமினியத் தகட்டுத் தளம் போட்டாங்க. அதுல தளத்தோட கனம் கூடிடுச்சு. பலகைத் தளம் துண்டு துண்டா இருக்கறதால கேபிள் அசைஞ்சா கூடவே வளையும். தகட்டுத் தளம் அப்படி வளையாது. பழைய ஹேங்கர் கம்பியோட புதுக் கம்பியை வெல்டிங் பண்ணி ஒட்டியிருந்ததும் வெளிய வந்தது.

கண்ணுக்குத் தெரியற தளத்துக்குப் பணம் செலவாச்சு. பாலத்தையே தாங்கற கேபிளை ஒழுங்கா பார்க்கல. அதனால மோர்பியை நான் "பழைய பாலம் விழுந்துச்சு"ன்னு சொல்ல மாட்டேன். தப்பான இடத்துல ரிப்பேர் பண்ணின பாலம் விழுந்துச்சு.

மாட்டுங்கா_கணேசன்

ரேவதி, அப்படியென்றால் கேபிளை விடச் சங்கிலி மேலானதா? புனலூரில் சங்கிலிதானே.

வாஷி_ரேவதி

மேலானதுன்னு சொல்ல முடியாது சார், ரெண்டும் கெடற விதம் வேற.

கேபிள்ல நிறைய கம்பி இருக்கும். ஒண்ணு அறுந்தா மத்தது பிடிக்கும். ஆனா உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சா வெளியில தெரியாது. சங்கிலியில ஒவ்வொரு கண்ணியும் தடியா, தனியா தெரியும். தட்டிப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம், பெயிண்ட் அடிக்கலாம். ஆனா ஒரு கண்ணி விட்டா கதை முடிஞ்சது. 1967 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒஹையோ ஆத்துப் பாலம் இப்படித்தான் விழுந்தது. சில்வர் பிரிட்ஜ்னு பேர். ஒரே ஒரு கண்ணியில ரெண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். 46 பேர் போனாங்க.

அதை விட எனக்குப் பயம் சங்கிலியைப் பூட்டியிருக்கற கிணறுதான். 1850-ல பிரான்ஸ்ல ஆன்ஜேங்கற ஊர்ல, பட்டாளத்துக்காரங்க கடந்து போகும்போது தொங்குபாலம் விழுந்து இருநூறு பேருக்கு மேல செத்தாங்க. புயல் காத்து, வீரர்களோட நடை, எல்லாம் சேர்ந்தது. ஆனா முதல்ல அறுந்தது மண்ணுக்குள்ள பூட்டியிருந்த இடத்துல. சுத்திப் பூசியிருந்த சுண்ணாம்புக் கலவை கம்பியை விட்டு விலகி, உள்ள தண்ணி இறங்கி, யாரும் பார்க்க முடியாத இடத்துல துருப்பிடிச்சிருந்தது. புனலூர் மாதிரி மழை கொட்டற ஊர்ல, ஆத்தோரக் கிணத்துக்குள்ள போற சங்கிலியோட கடைசிக் கண்ணி எப்படி இருக்கு? ஆய்வுக்கு என்னை அனுப்பினா பலகையைப் பார்க்கறதுக்கு முன்னாடி அங்கதான் இறங்குவேன்.

குர்லா_சலீம்

அப்போ மரம் நல்லதுன்னு நான் சொன்னது சரிதானே மேடம்?

வாஷி_ரேவதி

ரொம்பச் சரி பாய். நீங்க சொன்ன போல்ட் துளை விஷயத்தை நான் அறிக்கையிலயே எழுதுவேன். மரத்தளம் தன் வயசைக் காட்டிக் கொடுக்கும். பலகை இளகினா கால் வைக்கும்போதே சத்தம் வரும், அந்தப் பலகையை மாத்திடலாம். வேல்ஸ்ல மெனாய்னு ஒரு சங்கிலிப் பாலம், தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டி 1826-ல திறந்தது. அதோட மரத்தளம் 1839 புயல்ல பிய்ஞ்சது, சரி பண்ணினாங்க. 1893-ல எஃகுத் தளம் போட்டாங்க. 1940 வாக்குல பழைய சங்கிலிகளையே எடுத்துட்டுப் புதுசு மாட்டினாங்க. இன்னைக்கும் இருக்கு. தளத்தை மாத்தினதோட நிறுத்தாம சங்கிலியையும் மாத்தினாங்க பாருங்க, அதுதான் வித்தியாசம்.

ஆண்டாப்ஹில்_ஜெஸி

ரேவதி அக்கா, நீங்க சொல்றதைக் கேட்டா எனக்குப் பயம் கூடத்தான் ஆகுது. கிணத்துக்குள்ள யார் இறங்கிப் பார்த்தாங்க, எப்போ பார்த்தாங்கன்னு போறவங்களுக்கு எப்படித் தெரியும்? சாதாரண ஜனங்களுக்கு ஒரு போர்டாவது வேண்டாமா? "இந்தத் தேதியில சோதிச்சோம், ஒரே நேரத்துல இத்தனை பேர்தான்"னு. மூடிட்டா கேள்வியே இல்லையே. ரிஷிகேஷ்ல லக்ஷ்மண் ஜூலா தொங்குபாலத்தை மூடலையா?

வாஷி_ரேவதி

போர்டு வேணும்னு நீங்க சொல்றதுல எனக்கு முழுச் சம்மதம். ஆளும் வேணும், எண்ணி விடறதுக்கு.

லக்ஷ்மண் ஜூலா நல்ல உதாரணம். முன்னால இருந்த பாலத்தை 1924 வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. திரும்பக் கட்டி 1930-ல திறந்தாங்க. 2019 ஜூலையில இனி தாங்காதுன்னு மூடினாங்க. தினமும் அத்தனை யாத்திரீகர் போற இடத்துல மூடறதுக்கு எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் மூடினாங்க. சரியான முடிவு. ஆனா ஒவ்வொரு பழைய பாலத்துக்கும் அதே முடிவுன்னா ஒத்துக்க மாட்டேன். மனுஷங்க நடக்கற பாலத்துல ஒரு பலகை ஆடினா அன்னைக்கே யாராவது வந்து சொல்லுவாங்க. பூட்டிப் போட்ட பாலத்துல அது அடுத்த ஆய்வு வரைக்கும் தெரியாது, பல இடத்துல அந்த அடுத்த ஆய்வே வராது.

புனலூருக்குச் சாதகமா இருக்கறது இதுதான்: கான்கிரீட் பாலம் வந்ததும் வண்டிப் பாரம் முழுக்க இதை விட்டு இறங்கிடுச்சு. மாட்டு வண்டியும் அப்புறம் பஸ்ஸும் போன 20 அடி அகலத் தளத்துல இப்போ நடக்கறவங்க மட்டும். மோர்பி ஆரம்பத்துல இருந்தே நடைபாலம். அதுக்கு அப்படி இறக்கி வைக்கப் பாரமே கிடையாது.

செம்பூர்_அண்ணாச்சி

1924-ன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அதே வருஷம் ஆடி மாசம்தான் திருவிதாங்கூர்ல பெரிய வெள்ளம். மலையாள வருஷக் கணக்குல, அதாவது கொல்லம் ஆண்டு 1099, அதனால 'தொண்ணூத்தொன்பது வெள்ளம்'னு இன்னைக்கும் சொல்லுவாங்க. எத்தனையோ பாலம், ரோடு அதுல போச்சு. புனலூர்ப் பாலம் நின்னது. நடு ஆத்துல தூண் இல்லாததால வெள்ளத்துல வர்ற மரக்கட்டை மோத இடமில்ல. ரேவதி அம்மா, நான் சொல்லுறது சரியா?

வாஷி_ரேவதி

சரியா சொன்னீங்க அண்ணாச்சி. வெள்ளத்துல பாலங்கள் விழற பெரிய காரணமே தூணுக்கு அடியில மண் அரிச்சுப் போறதுதான். தண்ணிக்கு நடுவுல தூணே இல்லைன்னா அந்த ஆபத்து பெருமளவு குறைஞ்சுடுது. அந்த ஆத்துக்குத் தொங்குபாலத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல இன்ஜினியரிங்.

மாட்டுங்கா_கணேசன்

1990 முதல் அது கேரள அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். தொல்லியல் துறை பொறுப்பில் இருக்கிறது. என்னுடைய ஒரே ஆதங்கம், தொல்லியல் துறை கல்லையும் சுதையையும் பார்த்துப் பழகிய துறை. இது பாரம் தாங்கும் இயந்திரம். பாலத்துறை ஆட்களும் கூடவே இருக்க வேண்டும்.

தாராவி_முத்து

எல்லாருக்கும் நன்றி. இதை முழுக்க வீட்டுல படிச்சுக் காட்டினேன். ஜெஸி சொன்னதுக்கு ரெண்டு தடவை தலையாட்டினா. கடைசியில ஒரு கேள்வி கேட்டா: அங்க போய் நின்னதும் எதைப் பார்த்து ஏறலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது?

வாஷி_ரேவதி

அக்காகிட்ட சொல்லுங்க, முதல்ல கூட்டத்தைப் பார்க்கணும். லீவு நாள் சாயங்காலம் போகாதீங்க, காலையில போங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கும்பலா ஏறி ஆட்டிட்டு இருந்தா கரையிலேயே நில்லுங்க. ரிப்பேருக்காக மூடியிருந்தாலும் வருத்தப்படாதீங்க, அது நல்ல செய்திதான்.

ஏறும்போது ஹேங்கர் கம்பிகள் சங்கிலியில மாட்டியிருக்கற இடத்தைப் பாருங்க. செந்துரு உதிர்ந்து பலகை மேல பொடியா கிடக்குதா? ஏதாவது ஒரு கம்பி மத்தது மாதிரி விறைப்பா இல்லாம தொளதொளன்னு இருக்கா? இருந்தா அந்தக் கம்பி பாரம் எடுக்கல, பக்கத்துக் கம்பி சேர்த்து எடுக்குதுன்னு அர்த்தம். போட்டோ எடுத்து இங்க போடுங்க, நான் பார்த்துச் சொல்றேன். தொல்லியல் துறைக்கு எழுதறதுன்னா கணேசன் சாரும் நானும் சேர்ந்து எழுதறோம்.

குர்லா_சலீம்

முத்து, பலகைக்கு அடியில போல்ட் முனையையும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. கரையில இருந்து ஜூம் பண்ணினா தெரியும்.

செம்பூர்_அண்ணாச்சி

செங்கோட்டையில ஏறும்போது ஜன்னல் ஓரமா இடம் பிடிங்க. குகை தாண்டி கழுதுருட்டி பக்கத்துல பதிமூணு கண் பாலம் வரும், ரயில் அதுக்கு மேலதான் போகும். இந்தப் பாதையில 2010-ல பழைய மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, 2018-ல அகலப்பாதையா திறந்தாங்க. அந்தப் பதிமூணு கண் பாலம் கல்லுக் கட்டு. பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்க. ஒரே நாள்ல கல் பாலமும் சங்கிலிப் பாலமும் பார்த்த மாதிரி ஆச்சு.